ஆவுடை உட்கார ஒரு சோபா

ஏப்ரல் 3, வியாழன்

இன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு ஆவுடையம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள். என் தம்பி தளவாயின் மனைவி. இடது முழங்காலில் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் புது மூட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்டோவிலிருந்து வாசற்படி பதினோரு அடி. அதைக் கடக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு கிராமத்தையே அளந்து நாலு மூலைக்கும் கல் நட்டிருப்பேன். ஒரு பக்கம் தளவாய், மறுபக்கம் அவர்கள் மகள் செண்பகா, நடுவில் வாக்கர். பின்னால் தலையணை, ஃபிளாஸ்க், மருந்துப் பை, எக்ஸ்ரே உறை சகிதம் நான். பட்டாபிஷேகத்துக்குப் போகிற சேனாதிபதி போலத்தான் இருந்திருப்பேன்.

டாக்டர் உத்தரவு: இனி ஆயுசுக்கும் தரையில் உட்காரக் கூடாது. உயரமான, கெட்டியான, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள இருக்கை வேண்டும். பகலில் பல தடவை அதில் உட்கார்ந்து காலை மடக்கிப் பழக வேண்டும். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொண்ணூறு டிகிரி மடங்காவிட்டால் மறுபடி மயக்கமருந்து கொடுத்து அவர்களே மடக்கிவிடுவார்களாம். அதைக் கேட்டதும் ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் உருப்படியான ஆசனம் ஒன்றே ஒன்று. ஹாலில் இருக்கும் என் பிரம்பு நாற்காலி. மற்றபடி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. கனம் கூடினால் அவை நான்கு காலையும் விரித்துச் சாஷ்டாங்கமாக விழும். படுக்கையறையில் கட்டில் போக ஒரு பூனை நிற்கத்தான் இடம். ஆகவே ஹாலுக்கு ஒரு சோபா வாங்குவது என்றும், அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது என்றும் முடிவாயிற்று. முடிவு செய்தது நான்தான். முப்பத்தாறு வருஷம் தெற்குச் சீமையைச் சங்கிலி போட்டு அளந்த சர்வேயர் குற்றாலிங்கம் ஒரு சோபாவை அளக்க மாட்டானா?

ஏப்ரல் 4, வெள்ளி

அலைச்சல். கால் வலி. அவளுக்கு ஒரு கால், எனக்கு இரண்டு. அதை யாரும் விசாரிக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

செண்பகாவுக்குக் கல்லூரி அலுவலகத்தில் வேலை. இன்று லீவு. இருவரும் கடைகளுக்குப் படையெடுத்தோம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போவதற்குள் பாதி உருகிவிட்டேன். மீதியைச் செண்பகா கைப்பிடித்துக் கூட்டிப்போனாள்.

முதல் கடையில் சோபாக்கள் கொட்டாரத்தில் கட்டிய யானைகள் மாதிரி நின்றன. எல் மாதிரி வளைந்தவை, பொத்தானை அமுக்கினால் காலைத் தூக்குபவை. அப்படித் தூக்குகிற ஒன்றில் நான் உட்கார்ந்தேன். அது என்னை ஆகாசத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப இறக்க மறுத்தது. ஏழு நிமிஷம் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்தேன்.

"பெரியப்பா, எறங்குங்க. எல்லாரும் பாக்காவ."

"நான் எங்க ஏறுனேன்? அதுவா ஏத்திட்டுது. கடைக்காரர்ட்ட சொல்லு, ஏணி கொண்டாரச் சொல்லு."

கடைப் பையன் இல்லை, கடை முதலாளியே ஓடி வந்தார். "அண்ணாச்சி, யாருக்கு எடுக்கிய?"

"மூட்டு ஆபரேஷன் ஆனவங்களுக்கு."

"அப்ப இது வேண்டாம் அண்ணாச்சி. இது நல்லா இருக்கவங்களையே படுக்க வச்சிரும்."

நேர்மையான மனுஷர். அவரே இன்னொன்றைக் காட்டினார். சாம்பல் நிறம், கொழுகொழுவென்று. தரையிலிருந்து மெத்தை மேல்மட்டம் வரை டேப்பை வைத்தேன். பத்தொன்பது அங்குலம். டாக்டர் சொன்ன கணக்கு அதேதான். கையை வைத்தால் மேகத்தில் வைத்த மாதிரி இருந்தது. செண்பகா உதட்டைப் பிதுக்கினாள். "அம்மாவ ஒருக்கா போட்டோல பாக்கச் சொல்லுவோமா?" என்றாள். அளவு சரியாக இருக்கும்போது போட்டோ எதற்கு?

ஏப்ரல் 7, திங்கள்

மேகம் வீட்டுக்கு வந்தது. தளவாய் பாங்கிலிருந்து வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க வேண்டாம், அழுக்காகிவிடும் என்றான். கிழித்தேன்.

ஆவுடை வாக்கரோடு வந்து மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிடக் காணாமல் போனாள் என்பது பொருத்தம். மெத்தை அவளை இடுப்புவரை விழுங்கிற்று. முழங்கால் முகவாய்க்கு வந்தது. "எம்மா" என்று ஒரு சத்தம். தளவாயும் செண்பகாவும் அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். நான் உதவிக்குப் போகலாமா கூடாதா என்று தெரியாமல் உள்ளறை வாசலில் டேப்போடு நின்றேன். போகக் கூடாது. முறை இல்லை.

அவள் போன பிறகு தளவாயை உட்காரச் சொல்லி அளந்தேன். பதினைந்து. ஆள் உட்கார்ந்தால் மெத்தை நாலு அங்குலம் கீழே போகும் என்பதை முப்பத்தாறு வருஷச் சர்வேயர் மறந்துவிட்டான். நிலம் அப்படிப் போவதில்லை, அதனால் வந்த பிழை.

ஏப்ரல் 8, செவ்வாய்

"முறை இல்லை" என்று நேற்று எழுதியதைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்களுக்காக விளக்கிவிடுகிறேன்.

நான் ஆவுடைக்கு மூத்தார், அதாவது கணவனின் அண்ணன். பெரியத்தான் என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லுவாள், ஆனால் என்னிடம் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷத்தில் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அப்படித்தான். செண்பகாவிடம் சொல்லுவாள், சுவரிடம் சொல்லுவாள், யாருமே இல்லாவிட்டால் மிக்ஸியிடம் சொல்லுவாள். "சோறு ஆறுது" என்று. நான் மிக்ஸியின் சார்பில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

என் எதிரில் உட்காரவும் மாட்டாள். டிவி பார்ப்பதென்றால் உள்ளறை நிலைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, பாதித் திரையை மட்டும் பார்ப்பாள். இருபத்தெட்டு வருஷமாக எல்லாத் தொடர்களிலும் வலது பக்கம் நிற்பவர்களை மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதை எந்த வீட்டில் இருக்கிறது? தளவாய்க்கே கிடைப்பதில்லை. அவனை அவள் "நீங்க என்ன பெரிய கலெக்டரா" என்று கேட்பாள்.

ஏப்ரல் 10, வியாழன்

கடை முதலாளி மேகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "மொதல்லயே ஆள உக்கார வச்சு அளந்திருக்கணும் அண்ணாச்சி" என்றார். எனக்கே பாடம்.

பிசியோதெரபி செய்ய ஜெபசெல்வி என்று ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். பையிலிருந்து ஒரு கோணமானியை எடுத்து முழங்காலில் வைத்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நம் இனம்! அறுபத்திரண்டு டிகிரி என்றாள். கட்டிலில் வைத்து மடக்கும்போது ஆவுடை தலையணையைக் கடித்துக்கொள்வது சுவர் தாண்டிக் கேட்கிறது. கடிப்பது கேட்குமா என்றால், கேட்கும். சத்தமே வராது, அதுதான் கேட்கும்.

ஏப்ரல் 12, சனி

மேலப்பாளையத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். மரச் சட்டத்தில், கெட்டி ஃபோம் போட்டு, நாம் சொல்கிற அளவுக்குச் செய்து தருகிறார்கள். என் நிபந்தனைகளைப் பட்டறைக்காரர் முன் ஒரு சாசனம் போல வாசித்தேன். ஆள் உட்கார்ந்த பிறகு பத்தொன்பது அங்குலம். ஆழம் இருபதுக்கு மேல் போகக் கூடாது, ஆவுடை ஐந்தடிக்கும் குறைவு, ஆழம் கூடினால் கால் தொங்கும். முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு மாதிரி அல்ல, ஓரளவுக்கு. கைப்பிடி முன்பக்கம் வரை நீள வேண்டும், ஊன்றி எழுவதற்கு.

"எத்தன பேர் உக்கார?"

"மூணு பேர். ஆனா ஒரு ஆளுக்காகத்தான்."

மாதிரிக்கு ஒரு சட்டம் தயாராக இருந்தது. அதில் மெத்தை எவ்வளவு அமுங்கும் என்று எப்படிப் பார்ப்பது? ஆவுடையின் எடை ஐம்பத்திரண்டு. பக்கத்தில் கட்டட வேலைக்கு இறக்கிய சிமெண்ட் மூட்டை இருந்தது. அதைத் தூக்கி மெத்தையில் உட்கார வைத்தோம். மேலே இரண்டு கிலோவுக்கு என் குடையையும் பையையும் மருந்துக் காகிதங்களையும் வைத்தேன். மூட்டை கம்பீரமாக உட்கார்ந்தது. யார் வந்தாலும் எழுந்திருக்காத ஒரு மகாராணியைப் போல. அமுக்கம் ஒன்றேகால் அங்குலம். அதற்கேற்பக் கால் உயரத்தைக் கூட்டச் சொன்னேன்.

திரும்பி வந்து படுத்தவன், வீட்டில் யாரும் எழுப்பாததால் எழவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம் செண்பகா வைத்தாள். சீனிப் பாகு என்றே சொல்லலாம். ஆவுடை கட்டிலில் படுத்துக்கொண்டே சுவரிடம், "ஏலக்காயத் தட்டிப் போடச் சொன்னேன், முழுசாப் போட்டிருக்கா" என்றாள். சுவரின் சார்பில் நான் மூன்று ஏலக்காயைத் துப்பினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

சோபா வந்தது. கருநீலம். வந்த லாரி தெருமுனையில் திரும்பியபோதே அக்கம்பக்கம் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டது என்று எழுத ஆசை. உண்மையில் எதிர்வீட்டு நாய் மட்டும் வந்தது.

ஆவுடை உட்கார்ந்தாள். கால் தரையில் பதிந்தது. முதுகு சாய்ந்தது. கைப்பிடி மேல் இரண்டு கையும் சரியாக விழுந்தன. உள்ளறை வாசலில் நின்று நான் இதை ஓரக்கண்ணால் பார்த்தேன். "நல்லாருக்காம்மா?" என்று செண்பகா கேட்டாள். "ஒரு மாதிரி ஊஞ்சல்ல வச்ச மாதிரி இருக்குட்டி" என்றாள். டிவியைப் போட்டார்கள். முழுத் திரையையும் பார்த்தாள். "இவன் யாருட்டி, இடது பக்கம் நிக்கவன்?" என்றாள். "அவன்தாம்மா ஹீரோ."

இந்த வெற்றியை நேரில் ஏற்றுக்கொள்ள ஹாலுக்குள் போனேன். அவள் எழுந்துவிட்டாள்.

மெத்தை சூடாக இருந்திருக்கும். புதுத் துணி.

ஏப்ரல் 19, சனி

அறுபத்தைந்து டிகிரி. ஒன்பது நாளில் மூன்று டிகிரி. ஜெபசெல்விக்குத் திருப்தி இல்லை. "ஆன்ட்டி, சோபால எவ்வளவு நேரம் உக்காருதீங்க?" என்றாள். "உக்காருதேன்" என்றாள் ஆவுடை.

என் கவனிப்பு: உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறாள். முதுகுப் பக்கம் ஒரு சிறு தலையணை வைத்தேன். பிறகு உள்ளே போய்விட்டு வந்து பார்த்தேன். நின்றுகொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தலையணையை எடுத்தேன். நின்றாள்.

ஏப்ரல் 21, திங்கள்

ஃபேன் காற்று மேலே விழவில்லையோ என்று சோபாவைத் தெற்கே தள்ளினேன். தளவாய் ஒரு பக்கம் பிடித்தான். "அண்ணே, எனக்கும் அம்பத்தெட்டு வயசு ஆகுது" என்றான். தெற்கு சரியில்லை. மேற்கே தள்ளினோம். மேற்கும் சரியில்லை. இந்த ஹாலில் சோபா நிற்காத திசை இப்போது ஆகாசம் மட்டும்தான்.

ஒரு நாளைக்கு நான் ஹாலுக்குப் பதினான்கு தடவை வருகிறேன். பேப்பர், கண்ணாடி, குடிநீர், மறந்துபோன கண்ணாடி. எண்ணிப் பார்த்தேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜெபசெல்வி போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றாள்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"எனக்குக் கோவம் வந்தா தாமிரபரணி பின்னாடி ஓடும்மா. ஆனா வராது. சொல்லு."

"சோபா நல்ல சோபா சார். ஒரு கொறையும் இல்ல. நீங்க வந்தா ஆன்ட்டி எந்திரிக்காங்க. நீங்க இருக்கிற வரைக்கும் நிக்காங்க. இல்லன்னா உள்ள போய்ப் படுத்திருதாங்க. இப்படி அவசர அவசரமா எந்திரிச்சா ஒரு நாள் கீழ விழுவாங்க. நானும் சோபா வந்த நாள்லேருந்து பாக்கேன். வீட்டுல ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க, அதான்..."

"அப்படியா" என்றேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 23, புதன்

எழுத ஒன்றும் இல்லை. வெயில்.

ஏப்ரல் 24, வியாழன்

தளவாயைக் கூப்பிட்டு, "ஆவுடைட்ட சொல்லு, நான் வந்தா எந்திரிக்க வேண்டாம்னு" என்றேன்.

"நான் சொன்னா கேப்பாளா? நீ சொல்லுண்ணே."

"நான் எப்படிச் சொல்ல?"

இருவரும் கொஞ்ச நேரம் சோபாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு கிழட்டுத் தடியன்கள், ஒரு வாக்கியத்தைச் சுமக்க ஆள் இல்லாமல்.

கடைசியில் செண்பகா மூலம் போயிற்று. பதிலும் வந்தது: "சரின்னு சொல்லு." அடுத்த தடவை நான் ஹாலுக்குள் கால் வைத்தபோது, சரி என்று சொன்ன அதே ஆள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"அம்மா, அதான் சரின்னியே!"

"சரின்னு வாயி சொல்லுது. காலு கேக்க மாட்டேங்குதுட்டி. நான் என்ன செய்ய?"

ஏப்ரல் 25, வெள்ளி

விஞ்ஞான முறை. என் பிரம்பு நாற்காலியைத் திருப்பி, சோபாவுக்கு முதுகு காட்டிப் போட்டேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் எதிரில் இருப்பதாக ஆகாது என்பது என் சித்தாந்தம். ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரி. சுவரில் ஒரு பல்லியும் நானும் அரை மணி நேரம் தத்துவ விசாரம் செய்தோம். பின்னால் மூச்சுச் சத்தம். திரும்பாமலே தெரிந்தது, அந்த மூச்சு நாலரை அடி உயரத்திலிருந்து வந்தது.

ஏப்ரல் 26, சனி

ஓய்வுபெற்ற நில அளவையர் சங்கத்தில் என் ஆலோசனை அவசரமாகத் தேவைப்படுகிறது. தினமும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை போக வேண்டியிருக்கும். வீட்டில் சொல்லிவிட்டேன். தயிர்சாதம் கட்டித்தரச் சொன்னேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சங்க வேலை. சங்கத்தில் இருக்கைகள் சிமெண்ட்டால் ஆனவை. உயரம் பதினேழு அங்குலம், அமுக்கம் சுழியம். முதுகுக்கு ஒன்றும் இல்லை. மணிக்கொரு தடவை ஒலிபெருக்கியில் தாமதத்துக்கு வருந்துகிறார்கள். நானும் வருந்துகிறேன்.

மாலை வந்ததும் தெரிந்தது: எழுபத்தொன்று டிகிரி.

ஏப்ரல் 30, புதன்

காலையில் நூலகம். அங்கே ஃபேன் கீழே தூங்கியதற்காக நாசூக்காக எழுப்பினார்கள். பிறகு சங்கம். என் கணுக்கால் இரண்டும் இட்லிக் கொப்பரை மாதிரி வீங்கியிருக்கின்றன. ஆனால் சங்கத்தின் முன்னேற்றத்தைப் பார்க்கும்போது, என்னால் முடிந்தது என்று ஒரு நிறைவு.

எழுபத்தேழு.

மே 2, வெள்ளி

எண்பத்தொன்று. ஜெபசெல்வி கைதட்டியதாகச் செண்பகா சொன்னாள். மத்தியானம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து சோபாவில் இருந்தாளாம். பட்டாணி உரித்தாளாம். ஹீரோவுக்குத் திட்டு விழுந்ததாம்.

மாலை ஆறு மணிக்கு நான் நுழைந்தேன். எழுந்தாள்.

எழுதக் கூடாதென்று இருந்தேன். எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். நாள் முழுக்க வெயிலில் காய்ந்துவிட்டு வந்து படியேறும்போது, அவள் எழுந்து நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். எழுந்தால் முழங்காலுக்குக் கெடுதல் என்பதும் தெரியும். அவள் எழுந்ததும் உள்ளே ஏதோ குளிர்ந்தது. மோர் குடித்த மாதிரி.

முப்பத்தாறு வருஷம் நான்தான் எழுந்து நின்றேன். தாசில்தார் வந்தால், ஆர்.டி.ஓ. வந்தால், அவர்கள் டிரைவர் வந்தாலும்கூட, வெயிலில் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு. எனக்காக ஆபீசில் ஒரு பியூன்கூட எழுந்ததில்லை. கல்யாணம் கில்யாணம் என்று ஒன்று நடந்திருந்தால் மாப்பிள்ளை வந்தாயிற்று என்று நாலு பேர் எழுந்திருப்பார்கள். அதுவும் இல்லை. இந்த உலகத்தில் எண்ணூறு கோடி ஜனங்களில் நான் நுழைந்தால் எழுகிற ஆள் ஒரே ஆள். அதுவும் கால் வலியோடு.

போதும். சோபாவைப் பற்றி எழுத ஆரம்பித்த நோட்டு இது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு லீவு இல்லையா என்று தளவாய் கேட்டான். எங்கள் சங்கம் லீவே அறியாதது என்றேன். சிமெண்ட் இருக்கையில் உட்கார முடியவில்லை, வறுத்துவிடுகிறது. மரத்தடியில் துண்டை விரித்தேன். கன்னியாகுமரி வண்டி ஒரு மணி நேரம் தாமதம்.

மே 6, செவ்வாய்

எண்பத்தாறு. டாக்டர் கெடு பத்தாம் தேதி.

காலையில் துணி துவைக்கப் போட்ட செண்பகா என் சட்டைகளோடு வந்தாள். உள்ளங்கையில் ஒரு கொத்துக் காகிதம்.

"பெரியப்பா, பிளாட்பாரம் டிக்கெட் எட்டு இருக்கு. யாரை வழியனுப்பப் போனிய?"

"ஒவ்வொரு வண்டியும் கெளம்பும்போது கைகாட்ட ஒரு ஆள் வேணும்லா. ரயில்வே கேட்டுக்கிட்டாவ."

"எட்டு நாளா ஸ்டேஷன்லயா கெடக்கிய? இந்த வெயில்ல? உங்களுக்குப் பிரஷர் மாத்திரை யாரு குடுப்பா, ஸ்டேஷன் மாஸ்டரா?"

"மெல்லப் பேசுட்டி."

"ஏன் மெல்லப் பேசணும்? அம்மா காதுல விழட்டும். இந்த வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாத குடுத்தே செத்துப் போவிய போல. ஒருத்தி நின்னே சாவா, ஒருத்தர் பிளாட்பாரத்துல சாவாரு. நடுவுல நான் தபால்காரியா?"

உள்ளறையில் கட்டில் சத்தம் நின்றுவிட்டது. மிக்ஸி, சுவர், ஒன்றிடமும் ஒரு வார்த்தையும் போகவில்லை.

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். தயிர்சாதம் எடுக்கவில்லை.

மே 7, புதன்

இன்று நடந்ததை அலங்காரம் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

தளவாய் பாங்குக்கும் செண்பகா கல்லூரிக்கும் போன பிறகு நானும் கிளம்பினேன். ஸ்டேஷனுக்குப் போகவில்லை, அந்த ராஜ்யம் அம்பலமாகிவிட்டது. நூலகம் போனேன், அங்கே கரண்ட் இல்லை. தெருத்தெருவாக நிழல் தேடி நடந்தேன். மூன்று மணிக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு சோடா குடித்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன். நடை தளர்ந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல இரண்டு தடவை கனைத்தேன், எழுவதற்கு அவகாசம் கொடுக்க. இதற்கு முன் அது அறிவிப்பு. இந்த வாரம் அது எச்சரிக்கை.

உள்ளே நுழைந்தேன். ஆவுடை சோபாவில் இருந்தாள்.

எழவில்லை.

வாக்கர் பக்கத்தில் இல்லை. எட்டாத தூரத்தில், டிவி ஓரத்தில் அவளே தள்ளி வைத்திருக்கிறாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். எழுவதற்கு ஊன்றுகிற பிடி அல்ல. தன்னைக் கீழே அமுக்கி வைத்துக்கொள்கிற பிடி. விரல் நகம் வெளுத்திருந்தது. வலது கால், ஆபரேஷன் ஆகாத கால், தானாக எழப் பார்த்துத் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. கண் என் முகத்தில் இல்லை, என் சட்டையின் மூன்றாவது பொத்தானில் இருந்தது.

நான் நிலைப்படியிலேயே நின்றேன். யாரும் எழாத ஒரு ஹாலுக்குள் எப்படி நுழைவது என்று எனக்குத் தெரியவில்லை. வலது காலா, இடது காலா?

"நீங்க உள்ள வாங்க" என்றாள்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவர் இருந்தது, டிவி இருந்தது. அவள் அவற்றிடம் சொல்லவில்லை.

"வெயிலு முகத்துல தெரியுது. காப்பி குடிச்சாத் தேவலை" என்றாள். குரல் நடுங்கியது. பிறகு ஒரு மூச்சு இழுத்து, கடகடவென்று முடித்தாள்: "ஆனா நீங்கதான் போட்டுக்கிடணும் பெரியத்தான். நான் எந்திரிக்க மாட்டேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கென்று சொன்ன முதல் பேச்சு இது. ஒரு மறுப்பு.

"சரி" என்றேன்.

சமையலறைக்குள் போனேன். அந்த அறையை நான் அளந்ததே இல்லை. பால் எங்கே என்று தேடினேன்.

"பாலு ஃபிரிட்ஜில, கீழ் தட்டு." ஹாலிலிருந்து குரல் வந்தது.

பாத்திரம்?

"அது இல்ல. அது பருப்புக்கு. பக்கத்துல கைப்பிடி ஒடஞ்சது இருக்கும்லா, அது."

நான் எதை எடுக்கிறேன் என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரிகிறது. லைட்டரை நாலு தடவை அழுத்தினேன். "குமிழத் திருப்பிட்டு அமுக்கணும்" என்றாள். திருப்பினேன். "இன்னும் கொஞ்சம்." தீ பற்றியது. என் புருவத்தில் பாதி போயிற்று என்று எழுத வேண்டும், ஒன்றும் ஆகவில்லை. டிகாஷன் காலையில் போட்டது மிச்சம் இருந்தது. பால் பொங்குவதற்கு முன்பே, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். வரிசையாக எத்தனை வாக்கியம்! அவள் குரலில் நடுக்கம் போய்விட்டது. "தம்ளரக் கழுவிட்டு ஊத்துங்க" என்றபோது ஏறக்குறைய அதட்டல்.

இரண்டு தம்ளரில் கொண்டுவந்தேன். ஒன்றை அவள் பக்கத்தில் கைப்பிடி மேல் வைத்தேன், கையில் கொடுப்பது எப்படி என்று தெரியாததால். என் பிரம்பு நாற்காலி ஜன்னலோரம் சுவரைப் பார்த்து இருந்தது. அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. அவள் வலது கால் மறுபடி ஒரு தடவை தூக்கிப் போட்டது, பிறகு அடங்கியது.

கெட்டியாகத்தான் இருக்கிறது சோபா. இன்றுதான் முதல் தடவையாக அதில் உட்காருகிறேன். இடுப்பு நன்றாகத் தாங்குகிறது.

அவள் இரண்டு மடக்குக் குடித்தாள். தம்ளரைத் திரும்பக் கைப்பிடி மேல் வைத்தாள்.

"சீனி பத்தல" என்றாள்.

நான் எழுந்தேன்.